கேமரா நிற்கும் இடம்

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் நான். தாலி கட்டும் நேரத்தில் யார் குறுக்கே வருவார்கள், எந்தப் பக்கம் நின்றால் புரோகிதரின் தோள் மறைக்காது என்பதெல்லாம் எனக்குப் பழகிப்போன கணக்கு. கோல்ஃப் பக்கம் நான் போனது 1990களின் கடைசியில். கிண்டி குதிரைப் பந்தய ஓட்டப்பாதைக்கு உள்ளே, அந்த வட்டத்தின் நடுவில் விரிந்து கிடந்த புல்வெளியில் இப்படி ஓர் ஆட்டம் நடக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. சைதாப்பேட்டையில் வளர்ந்தவன், அந்தச் சுற்றுச்சுவரை ஒட்டி சைக்கிளில் எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

கூப்பிட்டவர் ஒரு கோச். சின்ன வயதில் கோல்ஃப் சங்க உறுப்பினர்களின் மட்டைகள் (கிளப் என்பார்கள்) இருக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்தவர். கேடி என்பார்கள் அந்த வேலையை. பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, பிற்பாடு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நிலைக்கு வந்தவர். இந்திய கோல்ஃபில் இந்த வழியாக ஏறி வந்தவர்கள் பலர். இந்தியன் ஓப்பன் போட்டியை முதன்முதலில் வென்ற இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், 1991இல். அவரும் டெல்லியில் பை தூக்கியவர்தான். எங்கள் கோச்சுக்கு அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும்.

"தம்பி, அவங்க என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியல. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. அவங்க கண்ணுக்கே காட்டணும்," என்றார். அதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

எளிது என்று நினைத்துத்தான் தோளில் வைக்கிற வி.எச்.எஸ். கேமராவோடு போனேன். ஓர் ஆள் அசையாமல் நிற்கிறார், பந்து அசையாமல் கிடக்கிறது, கல்யாண மண்டபம் மாதிரி முண்டியடிக்கிற கூட்டமும் இல்லை. ஆனால் அன்று எடுத்த டேப்பைப் போட்டு நிறுத்திப் பார்த்தபோது, கிளப் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு விசிறி விரிந்திருந்தது. இரும்புக் கம்பியையும் காணோம், அதன் தலையையும் காணோம். கோச் அதைப் பார்த்து வருத்தப்படவில்லை. "ஷட்டர்னு ஒண்ணு இருக்குமே, அதை மாத்திப் பாரு," என்றார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் உயிரே அதில்தான் இருக்கிறது. நன்றாக அடிக்கிறவரின் கிளப் தலை பந்தைத் தொடும் நேரத்தில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும். நம் ஊர் வீடியோ கேமரா தானியங்கி நிலையில் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஒளியை உள்ளே விடும். அதற்குள் கிளப் தலை கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அந்தத் தொண்ணூறு சென்டிமீட்டரும் ஒரே படத்தில் இழுபட்டுப் பதிவதுதான் அந்த விசிறி. ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் நகர்வு நாலரை சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். கம்பி கம்பியாகத் தெரியும். அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும். சென்னையில் வெயிலுக்குக் குறைவில்லை என்றாலும் உச்சி வெயிலில் வெள்ளைச் சட்டைகள் வெளுத்துப்போய் கையும் சட்டையும் ஒன்றாகிவிடும். மாலையானால் படம் இருண்டுவிடும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை பக்கவாட்டில் விழுகிற வெளிச்சம்தான் எங்களுக்குப் பொன்னான நேரம். அந்த நேரத்தில் முழங்கை மடிப்பு, மணிக்கட்டின் கோணம், இடுப்புத் திரும்புவதால் கால்சட்டையில் விழுகிற சுருக்கம் எல்லாமே தனித்தனியாகத் தெரியும்.

ஷட்டரைக் கூட்டிய பிறகும் ஒன்று மட்டும் கைக்கு எட்டவில்லை. பந்தும் கிளப்பும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி செகண்ட். எங்கள் கேமரா எடுப்பதோ நொடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொன்றும் இரண்டு ஃபீல்டு, ஆக ஐம்பது துண்டுகள். ஒரு துண்டில் கிளப் பந்துக்கு ஒரு முழம் பின்னால் இருக்கும். அடுத்த துண்டில் பந்து படத்தின் ஓரத்துக்கே போயிருக்கும், பந்தைத் தாங்கிய டீ முளை சாய்ந்திருக்கும், புல் தூசு எழும்பியிருக்கும். நடுவில் நடந்ததுதான் ஆட்டமே; அது மட்டும் டேப்பில் இருக்காது. கோச்சிடம் இருந்த பழைய புத்தகம் ஒன்றில் ஹெரால்ட் எட்ஜர்டன் எடுத்த புகைப்படத்தைக் காட்டினார். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த எட்ஜர்டன், 1938இல் டென்ஸ்மோர் ஷூட் என்ற ஆட்டக்காரரின் முழு ஸ்விங்கையும், அதாவது கிளப்பைச் சுழற்றி அடிக்கும் முழு அசைவையும், அடுக்கடுக்கான ஒளி வெட்டுகளால் ஒரே படத்தில் பிடித்தவர். கிளப் சுழன்ற தடம் முழுவதும் அதில் கம்பி கம்பியாக நிற்கும். அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்தது.

கோச்சுக்குக் கிடைத்த இன்னொரு பொக்கிஷம், வெளிநாடு போய்வந்த ஓர் உறுப்பினர் கொடுத்த பாபி ஜோன்ஸ் டேப். நாலு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில், 1930இல், வென்றுவிட்டு 28 வயதில் போட்டிகளை விட்ட ஜோன்ஸ், மறு ஆண்டு வார்னர் பிரதர்ஸுக்காக பன்னிரண்டு குறும்படங்களில் ஆடிக் காட்டினார். எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரிந்தது, படம் முழுதாகப் புரிந்தது. மெதுவாக ஓடும் இடங்களில் அவர் கிளப்பை மேலே கொண்டுபோவதில் அவசரமே இருக்காது. கீழே வரும்போதுகூட முதலில் இடுப்புதான் கிளம்பும். கை பின்னால் வரும். அதை எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று சொல்ல முடியாது. டேப்பில் அந்த இடம் மட்டும் தேய்ந்து கோடு விழுந்துவிட்டது.

பிறகு டிஜிட்டல் வீடியோ (MiniDV) கேமரா வந்தது. எண்ணுவது எளிதானது. ஜான் நொவோசெல் என்பவர் எழுதிய 'டூர் டெம்போ' என்ற புத்தகம் 2004இல் வெளிவந்தது. பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாக எண்ணி, கிளப் மேலே போக எடுக்கும் நேரம் மூன்று பங்கு என்றால் கீழே வந்து பந்தைத் தொட ஒரு பங்கு என்று சொன்னவர் அவர். வேகமாக ஆடுகிறவருக்கும் நிதானமாக ஆடுகிறவருக்கும் அந்த விகிதம் மாறுவதில்லை. அமெரிக்கக் கேமரா நொடிக்கு 30 ஃப்ரேம். அவர் 27க்கு 9, 24க்கு 8, 21க்கு 7 என்று எழுதியிருந்தார். நம் கேமராவில் அந்த 21க்கு 7 என்பது ஏறக்குறைய 18க்கு 6 என்று வரும். கோச் என்னை உட்காரவைத்து எங்கள் டேப்புகளை எண்ணச் சொன்னார். புதிதாகக் கற்பவர்கள் மேலே கொண்டுபோக முப்பது ஃப்ரேம்கூட எடுத்துக்கொண்டார்கள். "மெதுவா, மெதுவா" என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அந்த எண்களைக் காட்டி, "கொஞ்சம் சீக்கிரம் தூக்குங்க சார்" என்று கோச் சொன்னபோது அவர்கள் முகத்தில் வந்த ஆச்சரியத்தையும் படமெடுத்திருக்கலாம்.

தன்னைத்தானே முதன்முதலில் பார்க்கும் மனிதரின் முகம் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம். ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர், தன் இடது கை வளையவே வளையாது என்று பல வருஷமாக நம்பியவர், திரையில் முழங்கை மடங்கி நிற்பதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது நான்தானா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிறவன் மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும் என்பதை கோச்சிடம் கற்றேன். அவர் டி.வி.யை அணைத்துவிட்டு, முதலில் அந்த மனிதரிடம் எது நன்றாக இருக்கிறது என்று சொல்வார்.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வேளச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வருவான். பதினேழு வயது இருக்கும், பை தூக்குகிற வேலை. ஆடுவதற்கு அனுமதி கிடைத்த நேரங்களில் யாரோ கொடுத்த பழைய அயன் (இரும்புத் தலை) கிளப்புகளை வைத்துக்கொண்டு அடிப்பான். பந்து தாழ்வாகக் கிளம்பி, கடைசியில் லேசாக இடப்பக்கம் வளைந்து, எல்லாரையும் தாண்டிப் போய் விழும். அவன் அடிக்கும் சத்தமே வேறு. கோச் தன் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் போய்விட்டது. பந்து ஒரு தடவை வலப்பக்கம் நேராக ஓடும், இன்னொரு தடவை இடப்பக்கம் சுருண்டு புதருக்குள் விழும். என்னடா ஆச்சு என்று கேட்டதற்கு அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். நல்ல மனசுள்ள ஓர் உறுப்பினர் தன் ஹேண்டிகேமில் அவனைப் படமெடுத்து, சின்னத் திரையில் காட்டி, "கிளப்பைப் பின்னால கொண்டுபோறப்ப வெளியே தள்ளுற, உள்ளே இழு" என்று சொல்லியிருக்கிறார். பையனும் பார்த்திருக்கிறான். அவன் கண்ணிலும் அப்படித்தான் பட்டிருக்கிறது. அன்றிலிருந்து கிளப்பை உள்ளே இழுத்து இழுத்துப் பழகியிருக்கிறான்.

கோச் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "எங்க நின்னு எடுத்தாரு?"

பையன் போய் ஒரு மர நிழலில் நின்று காட்டினான். அவன் பந்தடிக்கும் இடத்துக்குப் பின்னால்தான், ஆனால் குதிகால் பக்கமாக நாலைந்து அடி தள்ளி. வெயிலுக்கு ஒதுங்கி நின்றிருக்கிறார், வேறொன்றும் இல்லை. கோச் என்னை அதே நிழலில் ஸ்டாண்டைப் போடச் சொன்னார். பையனிடம், "பழைய மாதிரி அடி, எதையும் யோசிக்காதே" என்றார். அவன் அடித்தான். எடுத்தேன். பிறகு கோச் தரையில் இரண்டு கிளப்புகளை வைத்தார். ஒன்று பந்திலிருந்து இலக்கை நோக்கி, இன்னொன்று அதற்கு இணையாகப் பையனின் கால்விரல்களை ஒட்டி. ஸ்டாண்டை அந்த இரண்டு கோட்டுக்கும் இடையில், பையனின் கைக்கு நேர் பின்னால், லென்ஸ் அவன் கையின் உயரத்தில் இருக்கும்படி வைக்கச் சொன்னார். கிட்டே நின்று அகலமாக எடுக்காமல், தள்ளி நின்று ஜூம் செய்யச் சொன்னார். கிட்டே போனால் முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் காட்டி லென்ஸே ஏமாற்றும். பையன் மறுபடி அடித்தான்.

இரண்டையும் அறையில் போட்டுப் பார்த்தோம். கிளப் பின்னால் போய் இடுப்பு உயரத்தில் தரைக்குக் கிடையாக வருகிற இடத்தில் நிறுத்தினேன். நிழலில் நின்று எடுத்ததில் கிளப் தலை கைக்கு வலப்புறம் நன்றாகத் தள்ளித் தெரிந்தது. யார் பார்த்தாலும் வெளியே போகிறது என்றுதான் சொல்வார்கள். இரண்டாவதில் கம்பியே தெரியவில்லை. அது நேராக லென்ஸைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்ததால், கைப்பிடியும் கம்பியும் தலைக்குப் பின்னால் மறைந்து, பையனின் விரல்களுக்கு முன்னால் கிளப்பின் தலை மட்டும் சின்னதாக நின்றது. இதைவிடச் சரியாக யாராலும் கொண்டுபோக முடியாது. காரணம் எளிமையானது: பின்னால் நீட்டிய கிளப்பில் தலைதான் கேமராவுக்குக் கிட்டே இருக்கிறது. கேமரா ஒரு பக்கம் நகர்ந்தால், கிட்டே இருப்பது எதிர்ப் பக்கம் அதிகம் நகர்ந்ததாகத் தெரியும். குதிகால் பக்கம் நின்றால் கிளப் வெளியே போனதாகத் தோன்றும். பந்தைத் தாண்டி நின்றால் உள்ளே இழுத்ததாகத் தோன்றும்.

பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் சரியாத்தான் அடிச்சிட்டிருந்தனா அண்ணே?" என்று என்னைக் கேட்டான்.

எனக்கு அந்தக் கேள்வி இன்றும் வலிக்கிறது. பொய் சொன்னவர் யாருமில்லை. கேமரா தன் இடத்திலிருந்து தெரிந்ததைத்தான் காட்டியது. நாலடி தள்ளி நின்ற ஒரு ஸ்டாண்ட், ஒரு பையன் தன் உடம்பின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை எடுத்துவிட்டது. பழைய ஸ்விங் திரும்பிவர ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. வந்த பிறகும் அழுத்தமான நேரங்களில் கிளப்பை உள்ளே இழுக்கும் அந்த வேண்டாத பழக்கம் எட்டிப் பார்க்கும். கல்யாண வீடியோவில் தப்பான இடத்தில் நின்றால் ஒரு நல்ல காட்சி போகும். இங்கே ஒருவருடைய ஆட்டமே போகும். ஆகவே ஸ்விங் எடுக்கிறவன் நிற்கிற இடத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். லென்ஸும் கேமராவும் எவ்வளவு விலை உயர்ந்தவை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஸ்விங்கைப் பிடிப்பது ஒரு கலை என்றால், பறக்கிற பந்தைப் பிடிப்பது முற்றிலும் வேறு. ஒரு போட்டி ஒளிபரப்பில் சாரக்கட்டு கோபுரத்தின் மேல் கேமரா உதவியாளனாக நின்றபோதுதான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். கேமராமேன் கொல்கத்தாக்காரர், வயதானவர். அவருடைய வியூஃபைண்டர் கறுப்பு வெள்ளை. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர், எடை 46 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முந்நூறு கஜம் தள்ளி அந்த வெள்ளைப் புள்ளியை வெள்ளை மேகத்தின் முன்னால் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். பந்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறேன் என்றார். தோள் திரும்பியதிலும் கிளப் வந்த வேகத்திலும் பந்து எங்கே இருக்கும் என்பது தெரிந்துவிடுமாம். அடித்த மறுகணம் கேமராவை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார். பந்து அங்கே வந்து சேரும். துரத்தினால் கிடைக்காது. கேமரா வானத்தை நோக்கி ஏறும்போது கட்டுப்பாட்டு வண்டியில் இருக்கிறவர் லென்ஸின் ஒளித் துளையான ஐரிஸைச் சுருக்குவார்; மேகம் சாம்பலாக இறங்கும், பந்து பளிச்சென்று எழும். கோபுரத்தில் இருப்பவரும் வண்டியில் இருப்பவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே சேர்ந்து செய்கிற வேலை இது. அதைப் பார்த்தபோது எனக்குக் கச்சேரியில் பாட்டும் மிருதங்கமும் சேர்கிற இடம் ஞாபகம் வந்தது.

போட்டி தொடங்குவதற்கு முன், விடிகாலையில், குழி இருக்கும் புல்தரையான க்ரீனில் ஒருவர் மண்டியிட்டு குழியின் உட்புறத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். "அது நமக்காகத்தான்," என்றார் அந்தப் பெரியவர். குழி எங்கே இருக்கிறது என்று டி.வி.யில் தெரிவதற்காக இப்படிச் செய்ய வைத்தவர் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் இருந்த ஃப்ராங்க் சர்க்கினியன். 1959இலிருந்து 1996 வரை மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் ஒளிபரப்பை நடத்தியவர். பார் எனப்படும் நிர்ணய அடி எண்ணிக்கைக்கு இத்தனை கீழே, இத்தனை மேலே என்று ஸ்கோரைக் காட்டும் முறையை டி.வி.க்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவர் காலத்துக்கு முன்னால் ஒளிபரப்பு எப்படி இருந்தது என்பதற்கு 1953 சிகாகோப் போட்டி ஒன்று போதும். அமெரிக்கா முழுதும் நேரடியாக ஒளிபரப்பான முதல் கோல்ஃப் போட்டி அது. கடைசிக் குழியை நோக்கி ஒற்றைக் கேமரா. லூ வொர்ஷம் நூறு கஜத்துக்கும் மேல் தள்ளி நின்று வெட்ஜ் என்ற கிளப்பால் அடித்த பந்து உருண்டு குழிக்குள்ளேயே விழுந்து அவருக்குப் பட்டம் கிடைத்தது. அந்த ஒற்றைக் கேமரா சரியான இடத்தில் இருந்தது. இதைப் படித்தபோது அந்த முகம் தெரியாத கேமராமேனுக்கு மனதுக்குள் கைகொடுத்தேன்.

கேமராவால் முடியாததையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் ட்ராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் வந்த பிறகு, பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப் முகம் பார்க்கும் திசைதான், கிளப் வரும் பாதையின் பங்கு குறைவு என்பது எண்களோடு தெரிந்தது. வீடியோவில் பாதை நன்றாகத் தெரியும்; அந்த அரை மில்லி செகண்டில் முகம் ஒரு டிகிரி திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது தெரியாது. தெரிந்ததை வைத்தே உலகமெங்கும் பாடம் நடந்திருக்கிறது. கோச் இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். "வீடியோல தெரியறதை மட்டும் வீடியோவ வச்சுப் பேசுவோம். மிச்சத்துக்குப் பந்து எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்," என்றார். அவர் கண் முதலிலிருந்தே பந்தின் வளைவைத்தான் படித்துக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

2008இல் கேசியோ நொடிக்கு 1200 படம்வரை எடுக்கிற கேமராவை விற்க ஆரம்பித்தது. படத்தின் தெளிவு குறைவு என்றாலும் கோச்சுகளுக்கு அது பெரிய வரம். 2014க்குப் பிறகு 240 ஃப்ரேம் எடுக்கிற ஐபோனே கைக்கு வந்துவிட்டது. இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே கிளப் தலை ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் நகர்கிறது. ஆனால் ஃபோன் கேமரா படத்தை மொத்தமாக ஒரே கணத்தில் எடுப்பதில்லை. வரிவரியாக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் படித்துக்கொண்டு போகிறது. அது படித்து முடிப்பதற்குள் கிளப் நகர்ந்துவிடுவதால், நேரான கம்பி வில்லாக வளைந்து தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் தன் கிளப் பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவரை எனக்குத் தெரியும். படத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்து, அசையாத வேலிக் கம்பத்தையும் ஓடுகிற கார் சக்கரத்தையும் அதே ஃபோனில் எடுத்துக் காட்டியபின் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

கோச் இப்போது சொல்லிக்கொடுப்பதில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வேளச்சேரிப் பையன் நகரத்துக்கு வெளியே ஒரு கோல்ஃப் பயிற்சி ரேஞ்சில் கோச்சாக இருக்கிறான். அங்கே பந்தடிக்க விரித்த ஒவ்வொரு பாய்க்கும் பின்னால் சிமெண்ட் தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு குறி உண்டு, ஃபோன் ஸ்டாண்ட் அங்கேதான் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்களை முதலில் குறியில் ஒரு தடவை, குறிக்கு நாலடி தள்ளி ஒரு தடவை எடுக்க வைத்து, இரண்டையும் அருகருகே காட்டிவிட்டுத்தான் பாடத்தையே தொடங்குகிறான். ஸ்டாண்டின் உயரத்தில் மட்டும் அவனுக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. எல்லா ஸ்டாண்டையும் பெரியவர்களின் கை உயரத்துக்கு இறுக்கிவைத்திருக்கிறான். எட்டு வயசுப் பிள்ளைகளுக்குக் கை அவ்வளவு மேலே வராது. ஸ்டாண்டின் காலில் கீழே இன்னொரு டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். பெரியவர்கள் உயரத்தை மாற்றிவைத்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள், அப்புறம் எல்லாப் படமும் தப்பாகும் என்கிறான். பிள்ளைகளுக்கென்று தனியாக இரண்டு பாய் ஒதுக்கு என்றேன். யோசிக்கிறேன் அண்ணே என்றிருக்கிறான்.